கேமிங் கணினிக்குப் பிராசசரையும் பிற பாகங்களையும் தேர்ந்தெடுப்பது எப்படி?

கேமிங் கணினியைத் தாமே பாகம் பாகமாக வாங்கிப் பொருத்திக்கொள்ள நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்தப் பிராசசர் நல்லது என்பதைத்தான். எந்த மானிட்டரில் ஆடப்போகிறோம், எந்த வகைக் கேம்களை ஆடப்போகிறோம் என்ற இரண்டும் தெளிவான பிறகே அதற்கு விடை சொல்ல முடியும். இவற்றை முடிவு செய்யாமல், பட்டியலின் உச்சியில் இருக்கும் பிராசசரை வாங்கிவிட்டு மிச்சப் பணத்தில் கிராபிக்ஸ் கார்டைத் தேடினால், செலவு பெரிதாக இருந்தும் கேம் தடுமாறும். ஆகவே பிராசசரில் தொடங்குவதற்கு முன், அது கேமில் என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்த்துவிடலாம்.

திரையில் தோன்றும் ஒவ்வொரு ஃபிரேமும் (அடுத்தடுத்து வரும் தனிப்படம்) இரண்டு கட்டங்களைத் தாண்டி வருகிறது. எதிரி எங்கே நிற்கிறான், எறிந்த குண்டு எங்கே விழும், எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பவற்றையெல்லாம் கணக்கிட்டு, எவற்றை வரைய வேண்டும் என்ற கட்டளைகளைத் தயாரிப்பது பிராசசரின் வேலை. அந்தக் கட்டளைகளைப் பெற்று, ஒவ்வொரு பிக்சலின் நிறத்தையும் ஒளியையும் நிழலையும் தீர்மானிப்பது கிராபிக்ஸ் கார்டின் வேலை. விநாடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமானால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லி விநாடி. 144 ஃபிரேம் என்றால் 6.9 மில்லி விநாடி. 240 என்றால் 4.2 மில்லி விநாடிதான். இரண்டில் எது தன் பங்கை முடிக்க அதிக நேரம் எடுக்கிறதோ, அதன் வேகமே அந்தக் கேமின் வேகம்.

திரையின் ரெசல்யூஷன், அதாவது பிக்சல்களின் எண்ணிக்கை, கூடும்போது கிராபிக்ஸ் கார்டின் சுமை ஏறுகிறது. பிராசசரின் சுமை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள், 1440பி திரையில் 36.9 லட்சம், 4கே திரையில் 82.9 லட்சம். அதாவது 1080பி-யிலிருந்து 4கே-க்குப் போனால் வரைய வேண்டியது நான்கு மடங்காகிறது, ஆனால் எதிரிகளின் எண்ணிக்கையும் அவர்களின் நடமாட்டமும் மாறுவதில்லை. இதனால்தான் 1080பி-யில் 240 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 240 முறை படத்தைப் புதுப்பிக்கும்) மானிட்டர் வைத்துப் போட்டி கேம்கள் ஆடுபவருக்குப் பிராசசர் முதன்மையாகவும், 4கே திரையில் 60 ஃபிரேமுக்குக் கதை சார்ந்த பெரிய கேம்கள் ஆடுபவருக்குக் கிராபிக்ஸ் கார்டு முதன்மையாகவும் ஆகிறது.

இங்கே ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். 4கே திரை என்றால் பிராசசர் எதுவாக இருந்தாலும் போதும் என்று பலர் சொல்வது இன்றைக்கு முழு உண்மை அல்ல. டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற, சிறிய அளவில் வரைந்து பெரிதாக்கும் அப்ஸ்கேலிங் முறைகளை 'பெர்ஃபார்மன்ஸ்' நிலையில் வைத்தால், 4கே திரையிலும் கேம் உள்ளுக்குள் 1080பி அளவில்தான் வரையப்படுகிறது. கிராபிக்ஸ் கார்டின் பாரம் குறைந்து ஃபிரேம்கள் கூடக் கூட, பாரம் மறுபடியும் பிராசசர் பக்கம் திரும்புகிறது. ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிடும் ரே டிரேசிங்கை இயக்கினாலும் பிராசசருக்கு வேலை கூடும், ஏனெனில் காட்சியில் உள்ள பொருள்கள் நகரும்போதெல்லாம் அவற்றுக்கான தரவுக் கட்டமைப்பைப் புதுப்பிக்க ஏற்பாடு செய்வது பிராசசரே.

ஏற்கெனவே ஒரு கணினி கையில் இருந்து அதை மேம்படுத்த நினைப்பவர், எதை மாற்ற வேண்டும் என்பதைச் சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிடலாம். ஃபிரேம் எண்ணிக்கையை மானிட்டரின் வேகத்தோடு கட்டிவைக்கும் வி-சிங்க்கையும் ஃபிரேம் வரம்பையும் நிறுத்திவிட்டு, கேமில் கூட்டம் அதிகமுள்ள ஓர் இடத்தில் அசையாமல் நின்று ஃபிரேம் எண்ணிக்கையைப் பாருங்கள். பிறகு அதே இடத்தில் நின்றபடி ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்குங்கள். 90 ஆக இருந்தது 140 ஆக ஏறினால், இதுவரை தடையாக இருந்தது கிராபிக்ஸ் கார்டு. 90 கிட்டத்தட்ட 90 ஆகவே நின்றால், எவ்வளவு பெரிய கிராபிக்ஸ் கார்டை மாட்டினாலும் அந்த இடத்தில் அந்த எண் ஏறப்போவதில்லை. பிராசசரோ, கணினியின் தற்காலிக நினைவகமான ராமோதான் தடை. டாஸ்க் மேனேஜரில் பிராசசர் பயன்பாடு 30 சதவீதம்தான் காட்டுகிறது என்பதை வைத்து அதற்கு ஓய்வு இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. 16 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைச் சரங்கள்) உள்ள பிராசசரில் ஒரே ஒரு த்ரெட் முழுத் திணறலில் இருந்தாலும் மொத்தக் கணக்கில் அது சுமார் 6 சதவீதமாகவே தெரியும், கேமின் முதன்மை வேலையோ பெரும்பாலும் அந்த ஒரே த்ரெட்டில்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

பிராசசருக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதியான கோர் எத்தனை வேண்டும் என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஆகிய இரண்டிலும் ஏஎம்டியின் ஜென் 2 கட்டமைப்பில் அமைந்த 8 கோர்கள் உள்ளன. பெரிய கேம்கள் அவற்றுக்கும் சேர்த்தே எழுதப்படுவதால், 8 கோர்களுக்கு மேல் கணிசமாகப் பயன்படுத்தும் கேம்கள் குறைவு. வேகமான 6 கோர்கள் இன்றைக்குத் தாராளமாகப் போதும். 8 கோர்கள் சில ஆண்டுகளுக்குக் கவலையில்லாமல் வைக்கும். வீடியோ எடிட்டிங், முப்பரிமாண ரெண்டரிங் போன்ற வேலைகளும் செய்பவருக்கு மட்டுமே 12, 16 கோர்கள் பொருள் தரும். புதிய தலைமுறையின் 6 கோர் பிராசசர் பழைய தலைமுறையின் 8 கோரைக் கேம்களில் முந்துவது சாதாரணம். ஒரு சுழற்சியில் எவ்வளவு வேலை முடிகிறது என்பது தலைமுறைக்குத் தலைமுறை மாறுவதால், பெட்டியின் மேல் அச்சிட்ட கிகாஹெர்ட்ஸ் எண்களை வெவ்வேறு தலைமுறைகளுக்கிடையே ஒப்பிடுவதிலும் பயனில்லை.

கேம்களுக்கு மிக முக்கியமானதாக நான் கருதுவது பிராசசரிலேயே அமைந்த கேஷ் நினைவகத்தின் அளவு. பிராசசர் கேட்கும் தரவு அந்தக் கேஷிலேயே இருந்தால் உடனே கிடைக்கும். ராம் வரை போய்வர வேண்டியிருந்தால் அதைவிடப் பல மடங்கு நேரமாகும், அதுவரை கோர் காத்திருக்கும். கேம் என்பது சிதறிக் கிடக்கும் சிறு சிறு தரவுகளை ஓயாமல் தேடும் நிரல் ஆகையால், இந்தக் காத்திருப்பு ஃபிரேம் அவகாசத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடுகிறது. ஏஎம்டியின் 'எக்ஸ்3டி' பிராசசர்கள் கேமிங்கில் முன்னிற்பதற்குக் காரணம் இதுதான். ரைசன் 5 7600-இல் எல்3 கேஷ் 32 எம்பி. 2023 ஏப்ரலில் வந்த ரைசன் 7 7800எக்ஸ்3டி-யில் 96 எம்பி. முதலில் இந்தக் கூடுதல் கேஷ் கோர்களின் மேல் அடுக்கப்பட்டதால் வெப்பம் வெளியேறுவது கடினமாக இருந்தது. 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டி-யில் கேஷை அடியிலும் கோர்களை மேலேயும் மாற்றி வைத்தார்கள், அதனால் கோர்களை இன்னும் உயர்ந்த வேகத்தில் ஓட்ட முடிந்தது. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி கேம்கள், ஃபாக்டோரியோ போன்ற தொழிற்சாலைக் கேம்கள், மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் ஆகியவற்றை முதன்மையாக ஆடுபவருக்கு இந்த வகைப் பிராசசருக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீணாகாது. 60 ஃபிரேமே இலக்கு என்பவர் ரைசன் 5 7600, 9600எக்ஸ் அல்லது அதற்கு ஈடான இன்டெல் கோர் ஐ5 ஒன்றோடு நின்று, மிச்சத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போடுவதே முறை.

இன்டெல் பெயர்களில் ஈற்றெழுத்தைக் கவனிக்க வேண்டும். 'கே' என்றால் ஓவர்கிளாக் செய்யலாம், அதாவது குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டலாம். 'எஃப்' என்றால் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை. கிராபிக்ஸ் கார்டு வாங்கப்போவது உறுதி என்றால் 'எஃப்' வகையால் பணம் மிச்சமாகும் என்பது சரிதான், ஆனால் கார்டு பழுதாகி அனுப்பப்பட்டிருக்கும் நாள்களில் திரையில் எதையும் பார்க்க வழியிருக்காது என்பதால் விலை வேறுபாடு சிறிதாக இருந்தால் நான் 'எஃப்' இல்லாததையே பரிந்துரைப்பேன். மொத்தக் கோர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்கவும் கூடாது: கோர் ஐ7-14700-இல் 20 கோர்கள் இருந்தாலும் வேகமான பி-கோர்கள் 8தான், மற்ற 12-உம் பின்னணி வேலைகளுக்கும் பல த்ரெட் வேலைகளுக்குமான இ-கோர்கள். 13, 14-ஆம் தலைமுறையின் உயர்வகைப் பிராசசர்கள் அளவுக்கு மீறிய வோல்டேஜால் நிலைகுலைந்த சிக்கலுக்கு இன்டெல் 2024 ஆகஸ்டு முதல் மைக்ரோகோடு (பிராசசரின் உள்நிரல்) திருத்தங்களை வெளியிட்டு, வாரன்டியையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. இவற்றைப் புதிதாக வாங்கினாலும் முதல் வேலையாகப் பயாஸை (மதர்போர்டில் உள்ள தொடக்க நிரல்) புதுப்பித்துவிட வேண்டும். பயன்படுத்தியதை வாங்குவதானால், முன்னர் எப்படி ஓடியது என்று தெரியாத 14900கே போன்றவற்றைத் தவிர்ப்பதே நல்லது. ஏற்பட்டுவிட்ட சேதத்தைத் திருத்தம் சரிசெய்யாது.

பிராசசரோடு சேர்த்தே, மதர்போர்டில் அது அமரும் இடமான சாக்கெட்டையும் தேர்ந்தெடுக்கிறோம். ஏஎம்4 சாக்கெட்டில் 2017-இல் வாங்கிய பல மதர்போர்டுகள், பயாஸ் புதுப்பிப்புக்குப் பிறகு 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி-யை ஏற்றன. மதர்போர்டையும் ராமையும் மாற்றாமல் பிராசசரை மட்டும் மாற்றி அந்தப் பயனர்கள் பெரிய முன்னேற்றத்தைப் பெற்றார்கள். 2022 செப்டம்பரில் வந்த ஏஎம்5 சாக்கெட்டை 2027-க்கு அப்பாலும் ஆதரிக்கப்போவதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது. இன்டெலில் எல்ஜிஏ1700 சாக்கெட் 12 முதல் 14 வரையிலான தலைமுறைகளோடு முடிந்து, 2024 அக்டோபரில் கோர் அல்ட்ரா 200எஸ் வரிசையுடன் எல்ஜிஏ1851 வந்தது. இரண்டு மூன்று ஆண்டுகளில் பிராசசரை மட்டும் மாற்றும் எண்ணம் இருந்தால் இந்த வேறுபாடு பெரிது; ஐந்தாறு ஆண்டுகள் கழித்து எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுபவருக்கு இது பொருட்டல்ல.

எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகையான மதர்போர்டு ஃபிரேம்களைக் கூட்டாது. எந்தப் பிராசசரையும் ஓட்டும் அளவுக்கு அதன் வோல்டேஜ் ரெகுலேட்டர் பகுதி உறுதியாக இருந்து, அதன் மேல் ஹீட்சிங்க் பொருத்தப்பட்டிருந்து, எஸ்எஸ்டி செருகுவதற்குத் தேவையான எம்.2 ஸ்லாட்டுகளும் யுஎஸ்பி போர்ட்டுகளும் இருந்தால் போதுமானது. ஏஎம்5-இல் பி650, பி850 சிப்செட் போர்டுகளும் இன்டெல் எல்ஜிஏ1700-இல் பி760 போர்டுகளும் கேமிங்குக்கு நிறைவானவை. மிக மலிவான போர்டில் 14700 போன்ற பசி மிகுந்த பிராசசரைப் போட்டால், ரெகுலேட்டர் சூடேறித் தன்னைக் காத்துக்கொள்ளப் பிராசசரின் வேகத்தைக் குறைத்துவிடும். வாங்குவதற்கு முன் தயாரிப்பாளரின் தளத்தில் அந்தப் போர்டின் பிராசசர் ஆதரவுப் பட்டியலைத் திறந்து, உங்கள் பிராசசருக்கு எந்தப் பயாஸ் பதிப்பு வேண்டும் என்று பாருங்கள். கடையில் நாள்பட்டுக் கிடந்த போர்டில் பழைய பயாஸ் இருந்தால் புதிய பிராசசர் உயிர்பெறாது. பிராசசர் இல்லாமலேயே பென் டிரைவ் வழியாகப் பயாஸைப் புதுப்பிக்கும் ஃபிளாஷ்பேக் பொத்தான் உள்ள போர்டை வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

ராம் விஷயத்தில் 16 ஜிபி குறைந்தபட்சம், 32 ஜிபி நிம்மதி. ஏஎம்5-க்கும் எல்ஜிஏ1851-க்கும் டிடிஆர்5 வகை ராம் மட்டுமே பொருந்தும். எல்ஜிஏ1700-இல் போர்டைப் பொறுத்து டிடிஆர்4 அல்லது டிடிஆர்5. வேகத்தையும் சிஎல் எண்ணையும் (கேட்ட தரவு வரக் காத்திருக்கும் சுழற்சிகளின் எண்ணிக்கை) தனித்தனியாகப் பார்க்கக் கூடாது. சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் நானோ விநாடியில் தாமதம் கிடைக்கும்: 6000 வேகமும் சிஎல்30-உம் உள்ள டிடிஆர்5-க்கு 10 நானோ விநாடி, 6000 வேகமும் சிஎல்40-உம் உள்ளதற்கு 13.3. ரைசன் 7000, 9000 வரிசைகளுக்கு முதலில் சொன்னது விலைக்கும் பலனுக்கும் நல்ல பொருத்தம். 32 ஜிபி வேண்டுமென்றால் ஒரே தொகுப்பாக வரும் இரண்டு 16 ஜிபி குச்சிகளை வாங்குங்கள். நான்கு குச்சிகள் போட்டால் பார்வைக்கு நிறைவாக இருக்கும், ஆனால் ரைசன் 7000-க்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாக உறுதியளிக்கும் வேகம் அப்போது 5200-இலிருந்து 3600-ஆக இறங்கிவிடுகிறது. நான்கு ஸ்லாட் உள்ள போர்டுகளில் பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் குச்சிகளைச் செருக வேண்டும். பொருத்திய பிறகு பயாஸில், ராமை அதன் அறிவித்த வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி அமைப்பை இயக்காவிட்டால், 6000 வேக ராமும் அடிப்படை வேகமான 4800 போன்ற ஒன்றிலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஆண்டுக்கணக்கில் இப்படியே ஓடும் கணினிகள் ஏராளம்.

கிராபிக்ஸ் கார்டுக்கே மொத்தப் பணத்தில் பெரும்பங்கு போக வேண்டும். 1440பி-யில் ஆடுபவர், பிராசசருக்குக் கொடுத்ததைப் போல இரண்டு மடங்கை இதற்கு ஒதுக்குவது தவறில்லை என்பது என் கணிப்பு. கார்டின் பெயரில் உள்ள எண்ணுக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது அதன் நினைவகம். 8 ஜிபி கார்டில் புதிய பெரிய கேம்களை உயர் டெக்ஸ்சர் (பொருள்களின் பரப்பில் ஒட்டப்படும் படங்கள்) அமைப்பில் ஓட்டினால் நினைவகம் நிறைந்து, மிஞ்சிய தரவு, கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐஇ வழியாகக் கணினியின் ராமுக்கும் கார்டுக்கும் இடையே அலையத் தொடங்கும். அப்போது சராசரி ஃபிரேம் எண்ணிக்கை நன்றாகவே தெரிந்தாலும் திரை விட்டுவிட்டு உறையும், சுவர்களும் துணிகளும் மங்கலாகவே நிற்கும். ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ போன்ற சில கார்டுகள் 8 ஜிபி, 16 ஜிபி என இரு வகைகளில் விற்கப்படுவதால், ஒரே பெயர் என்று நினைத்து வாங்கிவிடக் கூடாது. 1440பி-க்கு 12 ஜிபி-க்குக் குறைவாக இன்று புதிதாக வாங்க வேண்டாம். விமர்சனங்களைப் படிக்கும்போது சராசரியோடு '1 சதவீத லோ' எண்ணையும் (மிக மெதுவான 1 சதவீத ஃபிரேம்களின் வேகம்) ஒப்பிடுங்கள். சராசரி 120, லோ 45 என்ற கார்டை விடச் சராசரி 105, லோ 80 என்ற கார்டு கண்ணுக்குச் சீராக இருக்கும். ஃபிரேம் ஜெனரேஷன் காட்டும் இரட்டிப்பு எண்ணை நம்பிப் பலவீனமான கார்டை எடுப்பதும் சரியல்ல. இடையில் செருகப்படும் ஃபிரேம்கள் அசைவை மென்மையாக்கும், ஆனால் மவுஸை அசைத்ததற்கும் திரை பதிலளிப்பதற்கும் இடையிலான தாமதத்தைக் குறைக்காது.

பவர் சப்ளையில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன், ஏனெனில் அது கெட்டால் தான் மட்டும் கெடுவதில்லை. 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைச் சொல்கிறதே தவிர, உள்ளிருக்கும் பாகங்களின் தரத்தையோ பாதுகாப்பையோ சொல்வதில்லை. கிராபிக்ஸ் கார்டு தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் வாட் அளவை எடுத்துக்கொண்டு, அதற்குச் சற்றுக் கூடுதலாக, நீண்ட வாரன்டி உள்ளதை வாங்குங்கள். கார்டுகள் நுண்விநாடிக் கணக்கில் சராசரியைப் போல இரண்டு மடங்கு மின்சாரத்தை இழுப்பதுண்டு. 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரம் இதைத் தாங்குவதற்கென்றே வகுக்கப்பட்டது. கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் கேபிள்களைப் பொறுத்தவரை ஒரு விதி மீறக் கூடாதது: பழைய பவர் சப்ளையின் கேபிளைப் புதியதில் செருகக் கூடாது. இரண்டும் ஒரே வடிவத்தில் இருந்தாலும் பவர் சப்ளை பக்கத்து முனையின் இணைப்பு வரிசைக்குப் பொதுத் தரம் இல்லாததால், எஸ்எஸ்டியோ மதர்போர்டோ அந்த நொடியிலேயே எரிந்துபோகலாம். புதிய கார்டுகளின் 16 முள் இணைப்பை இடைவெளி தெரியாதவாறு முழுவதுமாக அழுத்தி, கேபிள் முனைக்கு அருகிலேயே மடங்காதபடி விட வேண்டும். அரைகுறையாகச் செருகியவற்றில் இணைப்பி உருகிய நிகழ்வுகள் உண்டு.

எஸ்எஸ்டி தேர்வு எளிது. 1 டிபி அல்லது 2 டிபி அளவில், டிஎல்சி (ஒரு செல்லில் மூன்று பிட் சேமிக்கும்) வகை, பிசிஐஇ 4.0 என்விஎம்இ ஒன்று போதும். விநாடிக்குச் சுமார் 7,000 எம்பி வாசிக்கும் இதற்கும் இரண்டு மடங்கு வேகம் சொல்லும் 5.0 வகைக்கும் கேம் திறக்கும் நேரத்தில் பெரிய வேறுபாடு தெரிவதில்லை.

கூலரைப் பிராசசரின் உண்மையான மின்செலவுக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள், விளம்பரத்துக்கு ஏற்ப அல்ல. 65 வாட் என்று குறிக்கப்பட்ட ஏஎம்5 பிராசசர் 88 வாட் வரை இழுக்கும். கோர் ஐ9-14900கே-யின் உச்ச வரம்பு 253 வாட். கேம் ஆடும்போது 7800எக்ஸ்3டி தன் 120 வாட் குறியீட்டைவிடக் கணிசமாகக் குறைவாகவே எடுப்பதால் நல்ல ஒற்றை டவர் ஏர் கூலரே அதற்குப் போதும். கேபினெட் வாங்கும்போது முன்புறம் வலையாக இருந்து காற்று தடையில்லாமல் நுழைகிறதா என்று பாருங்கள். கண்ணாடி முகப்பு அழகாக இருந்தாலும் கார்டை வேகவைக்கும். கூலரின் உயரம், கார்டின் நீளம், பவர் சப்ளைக்கான இடம் ஆகிய மூன்றையும் கேபினெட்டின் விவரப் பக்கத்தில் உள்ள மில்லிமீட்டர் அளவுகளோடு ஒப்பிட்ட பிறகே பணம் கட்டுங்கள். இன்று 300 மில்லிமீட்டரைத் தாண்டும் கார்டுகள் சாதாரணம்.

எல்லாம் வந்து சேர்ந்ததும், கேபினெட்டுக்குள் வைப்பதற்கு முன் மதர்போர்டை அதன் அட்டைப் பெட்டியின் மேல் வைத்து, பிராசசர், கூலர், ராம் ஆகியவற்றை மட்டும் பொருத்தி இயக்கிப் பார்ப்பது நல்லது. பிராசசரில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லையென்றால் கார்டையும் சேர்க்க வேண்டும். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டீர்களா, பிராசசருக்கான 8 முள் மின்கேபிளைச் செருகினீர்களா என்பதை மறுமுறை பாருங்கள். ஏஎம்5 போர்டுகளில் முதன்முறை இயக்கும்போது விசிறிகள் சுழன்றாலும் திரை பல நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கலாம். போர்டு ராமை அளந்து பழகிக்கொள்ளும் நேரம் அது. பழுது என்று பதறி மின்சாரத்தை நிறுத்தினால் வேலை முதலிலிருந்து தொடங்கும். போர்டின் ஓரத்தில் எல்இடி விளக்குகள் இருந்தால் 'டிராம்' என்று எழுதிய விளக்கு எரிவதைக் காணலாம், பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

விண்டோஸை நிறுவிய பின் மானிட்டர் கேபிள் மதர்போர்டில் அல்லாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகப்பட்டிருக்கிறதா என்றும், டிஸ்பிளே அமைப்பில் ரெஃப்ரெஷ் ரேட் 60-இலேயே நிற்காமல் மானிட்டரின் உண்மையான அளவுக்கு மாற்றப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். எக்ஸ்போவை இயக்கிய அன்று இரவே ராமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86-ஐ ஓடவிட்டு, அதில் ஒரே ஒரு பிழை காட்டினாலும் ராமின் வேகத்தை ஒரு படி இறக்கிச் சோதியுங்கள். அடிப்படை வேகத்திலும் பிழை தொடர்ந்தால் அந்தத் தொகுப்பை மாற்றிக்கொள்ளுங்கள். பாகங்களைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும்வரை பெட்டிகளையும் ரசீதுகளையும் பத்திரமாக வைத்திருங்கள்.